சிக்கிள் செல்: சோதனை பண்ணியாச்சு, சரி, அப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்க்கு வந்திருக்கும் மரபணு சிகிச்சை பற்றி முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். நன்றாகவே இருந்தது. நோயாளியின் ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையில் திருத்தி, திரும்ப உடம்புக்குள் ஏற்றுகிறார்கள், 2023 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்துவிட்டது, விலை 22 லட்சம் டாலர். ரூபாயில் 18 கோடிக்கு மேல் போகும். எங்கள் ஊரில் தேயிலை பறிக்கிற பெண்ணின் ஒரு நாள் கூலியால் அதை வகுத்துப் பார்க்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

எனக்கு ஒரே ஒரு குறை. இந்த நோயை வைத்துக்கொண்டு இன்றைக்கு, இந்த ஆடி மழையில், ஒருவர் எப்படி நாளை ஓட்டுகிறார் என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அது என்னவோ ஆராய்ச்சிக்கு லாயக்கில்லாத வீட்டு விஷயம் மாதிரி விட்டுவிட்டீர்கள். அதையே தொழிலாக எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள், அதிலும் முக்கியமான ஒருவர் டாக்டர்கூட இல்லை, செவிலியர். அவர்கள் கண்டு சொன்னதில் பாதியை நீலகிரியில் நாளைக்கே செய்யலாம், பெரிய செலவும் ஆகாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடம் இல்லையென்று வெட்டுவதானால் ஜமைக்கா பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் கூடலூர் பக்கம் அரசுப் பள்ளியில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அக்கா மகளுக்கு இந்த நோய் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவும் தேடிப் படித்தேன். நாங்கள் வயநாடன் செட்டி. சிக்கிள் செல் என்றாலே ஆதிவாசிகளின் நோய் என்று எல்லாரும் எழுதுகிறார்கள், நீங்களும் அப்படித்தான் எழுதியிருந்தீர்கள். வயநாட்டிலும் கூடலூரிலும் எங்கள் சமூகத்திலும் இது இருக்கிறது, இதை ஒரு திருத்தமாகவே போட்டுக்கொள்ளலாம். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் என்று மலையில் பலருக்கும் இருக்கிறது என்பதும் உண்மைதான். 1952-லேயே லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரி மலைமக்களின் ரத்தத்தைச் சோதித்து இந்த நோயைக் கடத்தும் மரபுக் குணம் இங்கே இருக்கிறது என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். இந்தியாவில் இதைப் பற்றி வந்த முதல் அறிக்கைகளில் அது ஒன்று. எழுதி 70 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

நோயைப் பற்றி உங்கள் கட்டுரையே விளக்கிவிட்டதால் ஓரிரு வரி போதும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதச் சங்கிலியில், குளுட்டாமிக் அமிலம் என்ற கண்ணி இருக்க வேண்டிய ஓர் இடத்தில் வாலின் என்ற வேறு கண்ணி வந்து உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான் கோளாறு. உடம்பில் தண்ணீர் வற்றினாலோ, குளிர் அடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூச்சு முட்டும் வேலை செய்தாலோ சிவப்பணுக்கள் விறைத்து அரிவாளாக வளைந்து சின்ன ரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்ளும். அடைப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் எலும்புக்கு ரத்தம் போகாது. வலி அங்கிருந்துதான். எக்ஸ்ரேயில் அனேகமாக ஒன்றும் தெரியாது, தொட்டுப் பார்த்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் வாலி ஸ்மித் என்ற மருத்துவரும் அவர் குழுவும் ஒரு காரியம் செய்தார்கள். இந்த நோயுள்ள 232 பெரியவர்களிடம் டைரி கொடுத்து, ஆறு மாதம் வரைக்கும் தினமும் வலி இருந்ததா, எவ்வளவு, ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று எழுதச் சொன்னார்கள். 2008-ல் முடிவு வந்தது. மொத்தம் 31,017 நாள் கணக்கு. அதில் 54.5 சதவீத நாட்களில் வலி இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கோ டாக்டரிடமோ போன நாட்கள் 3.5 சதவீதம்தான். பத்தில் மூன்று பேருக்குக் கிட்டத்தட்ட தினமுமே வலி. அதுவரை டாக்டர்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்றால், எப்போதாவது வலி வரும், வந்தால் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள், ஊசி போட்டால் சரியாகிவிடும், இடையில் நன்றாக இருப்பார்கள் என்று. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். டைரியைத் திறந்தால் வலியில் பெரும்பகுதி வீட்டில், சமையலறையில், வேலைக்குப் போகும் பஸ்ஸில், யாருக்கும் சொல்லாமல் கழிந்திருக்கிறது. வைத்தியமும் அங்கேயேதான் நடந்திருக்கிறது, நோயாளி தானே செய்துகொண்ட வைத்தியம்.

அந்த வைத்தியத்தைத்தான் கொரெட்டா ஜெனரெட் என்ற கறுப்பினச் செவிலியர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் செவிலியர் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். அவரும் கரோலின் மர்டா என்பவரும் சேர்ந்து 2008-ல் சிக்கிள் செல் சுயபராமரிப்பு பற்றி ஒரு கோட்பாட்டை வெளியிட்டுச் சோதித்தும் பார்த்தார்கள். கோட்பாடு என்றதும் பயப்பட வேண்டாம், எங்கள் அக்காவுக்கே புரியும்படி சொல்லலாம். நோயின் கடுமை, குடும்ப நிலைமை, வருமானம் இதெல்லாம் ஒரு நோயாளியைக் கீழே இழுக்கும். எதிர்ப்பக்கம் சில பலங்கள் உண்டு: வலியைச் சமாளிக்கத் தெரிந்திருப்பது, என்னால் முடியும் என்ற நம்பிக்கை, கூட நிற்க ஆள், தனக்கு என்ன வேண்டும் என்று டாக்டரிடம் எடுத்துச் சொல்லும் திறமை, தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்காமல் நிற்கும் தைரியம். இந்தப் பக்கம் கனம் கூடினால் அந்தப் பக்க இழுப்பு ஓரளவு தணிகிறது என்பதுதான் அவர்கள் கண்டது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்தப் பலங்களில் பெரும்பாலானவை பிறவியில் வருவதில்லை, சொல்லிக் கொடுத்தால் வருகிறவை.

அதோடு அவர் நின்றிருந்தால் நானும் இவ்வளவு எழுதமாட்டேன். "நோயாளி தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்" என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் மோசமான ஆளின் கையில் கிடைத்தால் அது நோயாளியின் தலையில் பழியைப் போடும் பேச்சாகிவிடும். தண்ணி ஒழுங்கா குடிச்சியா, மாத்திரை போட்டியா, குளிர்ல ஏன் போன, அப்ப உன் தப்புதான். இதை எங்கள் வீட்டில் நிறையக் கேட்டாயிற்று. ஜெனரெட் போய் இளம் நோயாளிகளிடம் வேறு ஒரு கேள்வி கேட்டார்: வலி தாங்க முடியாமல் போகும்வரை ஏன் ஆஸ்பத்திரிக்கு வராமல் இருக்கிறீர்கள்? 2014-ல் வந்த அந்தக் கட்டுரையில் பதில்கள் இருக்கின்றன. முதலில் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று முயற்சி செய்கிறோம் என்றார்கள். அவசரப் பிரிவில் முன்னால் பட்ட அவமானத்தை நினைத்துப் போகாமல் இருக்கிறோம் என்றார்கள். போனால் அட்மிட் பண்ணிவிடுவார்கள், வேலையும் படிப்பும் கெட்டுவிடும் என்றார்கள். நேரத்தின் அருமை அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு நமக்குத் தெரியாது, நல்லபடியாக இருக்கும் நாட்களை அவர்கள் எண்ணி எண்ணித்தான் செலவழிக்கிறார்கள்.

அங்கே அந்த அவமானத்துக்கு ஒரு தனி முகம் உண்டு. இந்த வலிக்கு மார்ஃபின் மாதிரி பலமான மருந்துகள் வேண்டும். ஒரு கறுப்பின இளைஞன் நடுராத்திரியில் வந்து எனக்கு இன்ன மருந்து, இத்தனை மில்லிகிராம் கொடுத்தால்தான் கேட்கும் என்று சரியாகச் சொன்னால், இவன் போதைக்கு வந்தவன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பாருங்கள், தன் நோயைப் பற்றி நன்றாகத் தெரிந்து வைத்திருப்பதே அவனுக்கு எதிராகப் போகிறது. இதற்காகத்தான் ஜெனரெட் குழு, இளம் நோயாளிகளுக்கு அவசரப் பிரிவில் எப்படிப் பேசுவது, சந்தேகப் பார்வையை எப்படி எதிர்கொள்வது என்று பயிற்சி கொடுத்துப் பார்க்கும் முயற்சியில் இறங்கியது.

நல்ல முயற்சிதான். ஆனால் இந்த இடத்தில் நான் அவரோடு முழுதாக ஒத்துப்போகவில்லை, நம் ஊரை மனதில் வைத்துச் சொல்கிறேன். ஒரு பணியர் வீட்டுப் பெண், தமிழும் மலையாளமும் அரைகுறையாகப் பேசுகிறவள், ராத்திரி இரண்டு மணிக்கு டியூட்டி டாக்டர் முன்னால் நிமிர்ந்து நின்று எனக்கு இது வேண்டும் என்று கேட்டால் அதற்கு இங்கே திமிர் என்று பெயர். தைரியத்தை அவளுக்கு மட்டும் கற்றுக்கொடுத்தால் அடி வாங்கப் போவது அவள்தான். கேட்கிற காதுக்கும் பாடம் வேண்டாமா?

என் அக்கா மகள் படித்தவள், நன்றாகப் பேசுவாள். ப்ளஸ் டூ படிக்கும்போது ஒரு ராத்திரி தொடையிலும் முதுகிலும் வலி வந்து ஒரு ஆஸ்பத்திரிக்கு (பெயர் வேண்டாம்) ஜீப்பில் தூக்கிக்கொண்டு போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. ரத்தம் எடுத்தார்கள், ஹீமோகுளோபின் 8 இருந்தது. அவளுக்கு எப்போதுமே 8 தான். அங்கிருந்தவர் சிரித்துக்கொண்டே கேட்டார், "என்னம்மா, நாளைக்குப் பரீட்சையா?" பாரசிட்டமால் கொடுத்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள், விடியும்வரை அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் வலி வந்தால் எங்களிடமே சொல்வதில்லை, முகத்தைப் பார்த்து நாங்களாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஜெனரெட்டின் கட்டுரையைப் படித்துக் காட்டியபோது, "மாமா, இந்தம்மா நம்ம ஊருக்கு எப்ப வந்தாங்க?" என்று கேட்டாள்.

இங்கே யாரும் போதைக்காரன் என்று சந்தேகப்படுவதில்லை, ஏனென்றால் கேட்டுப் பெறும் அளவுக்கு மார்ஃபின் பல இடங்களில் இருப்பே இருக்காது. 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டம் அவ்வளவு கெடுபிடி, வைத்திருப்பதே வம்பு என்று ஆஸ்பத்திரிகள் ஒதுங்கிக்கொண்டன. 2014-ல் சட்டத்தைத் திருத்தி எளிதாக்கினார்கள், பழக்கம் மட்டும் லேசில் மாறவில்லை. அதனால் நம் ஊர்ச் சந்தேகம் வேறு மாதிரி: நடிக்கிறாள், வேலைக்குப் போகச் சோம்பல், ஆதிவாசி ஆணாக இருந்தால் குடித்துவிட்டு விழுந்திருப்பான். அமெரிக்காவில் 2014-ல் வந்த தேசிய வழிகாட்டுதலே, இந்த வலியோடு வருகிறவருக்குப் பதிவு செய்த ஒரு மணி நேரத்துக்குள் வலி மருந்து போய்ச் சேர வேண்டும் என்கிறது. அங்கேயே அது எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுதி வைத்திருக்கிறார்கள், காட்டிக் கேட்கலாம்.

இப்போது ஜமைக்கா. கிரகாம் செர்ஜன்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கிங்ஸ்டனில் பல பத்தாண்டுகள் இருந்து இந்த நோயைப் பிறந்த குழந்தையிலிருந்து பின்தொடர்ந்தவர். 1973-ல் தொடங்கி ஒரு லட்சம் குழந்தைகளைப் பிறந்தவுடன் சோதித்து, நோயுள்ளவர்களை வருஷக்கணக்காகக் கவனித்தார்கள். சின்னக் குழந்தைகளை இந்த நோய் கொல்லும் வழிகளில் ஒன்று மண்ணீரல். திடீரென்று உடம்பு ரத்தமெல்லாம் மண்ணீரலுக்குள் போய்த் தேங்கிவிடும், வயிறு இடது பக்கம் வீங்கும், குழந்தை வெளுத்துத் துவண்டுவிடும், சில மணி நேரத்தில் போய்விடும். ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் வந்து ரத்தம் ஏற்றினால் பிழைக்கும். இதற்கு அவர்கள் புது மருந்து எதையும் தேடவில்லை. அம்மாக்களுக்கு இடது விலா எலும்புக்குக் கீழே விரலை வைத்து மண்ணீரலைத் தடவிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பெரிதாகியிருந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடி வா, அவ்வளவுதான் பாடம்.

1985-ல் வந்த அவர்கள் அறிக்கையில் கணக்கு இருக்கிறது. பாடம் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் இப்படி நடந்த ஒவ்வொரு 100 தடவைக்கும் 29 குழந்தைகளுக்கு மேல் இறந்தன. சொல்லிக் கொடுத்த பிறகு 3. இன்னொன்றும் நடந்தது, பதிவான தடவைகளின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. நோய் கூடிவிட்டதா என்றால் இல்லை, முன்பு யாருக்கும் தெரியாமல் நடந்ததை இப்போது அம்மாக்கள் கண்டுபிடிக்கிறார்கள். இத்தனைக்கும் படித்த அம்மாக்கள் என்று பொறுக்கி எடுக்கவில்லை. அறிவியல் வாத்தியாராக 30 வருஷம் இருந்தவன் சொல்கிறேன், ஒரு பாடத்துக்கு இப்படி ஒரு தேர்ச்சி விகிதத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

நம் ஊரில் இதை அப்படியே காப்பியடிக்க முடியாது, ஒரு சின்ன மாற்றம் வேண்டும். செர்ஜன்ட் ஒடிசாவிலும் அங்குள்ள மருத்துவர்களோடு சேர்ந்து வேலை செய்தவர். ஆப்பிரிக்க வம்சாவளிக் குழந்தைகளுக்கு மண்ணீரல் சில வருஷங்களில் சுருங்கிப் போய்விடும், இந்திய நோயாளிகள் பலருக்குப் பெரிய வயது வரைக்கும் வீங்கியபடியே இருக்கும் என்று அந்த வேலையில் தெரிந்தது. ஆக நம் அம்மாக்கள் மண்ணீரல் தட்டுப்படுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, என் பிள்ளைக்கு வழக்கமாக எத்தனை விரல் அளவு இருக்கும், இன்றைக்கு எத்தனை விரல் என்று பார்க்கத் தெரிய வேண்டும். குளிப்பாட்டும்போது செய்கிற வேலைதான்.

நம் அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசம் ஷாடோலில் பிரதமர் தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 2047-க்குள் ஒழிப்பது, 40 வயது வரைக்கும் உள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பது இலக்கு. 17 மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இந்த நோய் சேர்க்கப்பட்டிருக்கிறது. கூடலூரில் அஸ்வினி அமைப்பு ஆதிவாசிப் பிள்ளைகளையே செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்து ஓர் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தி வருகிறது, சிக்கிள் செல் நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்கிறது. இதெல்லாம் சரி. ஆனால் செய்திகளில் வருவது எப்போது பார்த்தாலும் இத்தனை லட்சம் பேருக்குச் சோதனை, இத்தனை பேருக்குச் சோதனை முடிவு எழுதிய அட்டை. இரண்டு பக்கமும் இந்தக் குணம் இருந்தால் பிள்ளைக்கு நோய் வரலாம், அதனால் அட்டையைக் காட்டிப் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் பண்ணுங்கள் என்று அறிவுரை. அட்டையில் நோய் என்று வந்துவிட்ட பிள்ளைக்கு மறுநாள் காலையில் என்ன சொல்லிக் கொடுத்தீர்கள்? அந்தக் கணக்கையும் கேட்டு எழுதுங்கள். பிறக்கப் போகிற குழந்தைகளைப் பற்றிய கவலை நியாயம்தான், பிறந்துவிட்டவர்கள் இருக்கிறார்களே.

ஹைட்ராக்சியூரியா மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 299 பெரியவர்களை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1995-ல் முடிவு வெளியான சோதனையில், வலி நெருக்கடிகள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைவதைக் கண்டார்கள். பழைய மருந்து, 18 கோடி எல்லாம் இல்லை. ஆனால் இதை தினமும் போட வேண்டும், வலி இல்லாத நாளிலும் போட வேண்டும், இடையிடையே ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும். வலிக்கும்போது மாத்திரை போடுவதுதான் நம் பழக்கம், வலிக்காதபோது போடுவதற்கு ஒரு நம்பிக்கை வேண்டும், அந்த நம்பிக்கையை யாராவது உட்கார்ந்து பேசித்தான் உண்டாக்க முடியும். கேன்சர் மாத்திரை என்று யாரோ மருந்துக்கடையில் சொன்னதைக் கேட்டு நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். கேன்சருக்கும் அதைக் கொடுப்பது உண்மைதான், அதை முதல் நாளே டாக்டர் சொல்லியிருந்தால் கடைக்காரர் சொல்லிப் பயந்திருக்க மாட்டார்கள்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் என்பதால் சொல்கிறேன். தண்ணீர் நிறையக் குடி என்பதுதான் இந்த நோய்க்கு முதல் பாடம். எங்கள் பக்கம் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை பள்ளியில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. கழிப்பறை லட்சணம் அப்படி. இந்த நோயில் சிறுநீரகத்துக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் சக்தியும் குறைந்துவிடும், அதனால் அடிக்கடி போக வேண்டி வரும், ராத்திரி படுக்கையில் போவதும் உண்டு. அடிக்கடி பெர்மிஷன் கேட்கிற பிள்ளையை வகுப்பில் திட்டுவார்கள், பிள்ளை குடிப்பதை நிறுத்திவிடும், அடுத்த வாரம் வலியோடு படுத்துவிடும், வருகைப் பதிவு குறையும், அப்புறம் இடைநிற்றல் என்று ஒரு புள்ளிவிவரமாகிவிடும். ஒரு நல்ல கழிப்பறையும், இந்தப் பிள்ளை கேட்டால் அனுப்பு என்று ஆசிரியருக்கு ஒரு சொல்லும் இருந்தால் போதும். அதேபோல ஜூன், ஜூலை மழையில் நனைந்த சட்டையோடு உட்கார வைக்கக் கூடாது, பி.டி. பீரியடில் மூச்சு வாங்க ஓட விடக் கூடாது. ஓடவே கூடாது என்று மூலையில் உட்கார வைப்பதும் தப்பு. களைத்தால் நீயே நின்றுகொள் என்று பிள்ளையிடமே விட்டுவிட வேண்டும்.

வெளிநாடுகளில் இப்போது கைப்பேசிச் செயலியில் வலியைப் பதிவு செய்வது, மாத்திரையை நினைவூட்டுவது என்று ஆராய்கிறார்கள். செய்யட்டும். முதுமலைக் காட்டோரத்தில் சிக்னலுக்கே மரம் ஏற வேண்டும். எங்களுக்கு வாய்ச்சொல் போதும், ஆனால் அது பணியர் பேச்சில், காட்டுநாயக்கர் பேச்சில், அந்த ஊர்க்காரர் வாயிலிருந்தே வர வேண்டும். தமிழில் பளபளப்பாக அச்சடித்த கையேடு அங்கே அடுப்பு பற்ற வைக்கத்தான் உதவும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நோயாளி ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் இருக்க வேண்டும், அதில் அவருக்கு என்ன வகை நோய், வழக்கமான ஹீமோகுளோபின் எவ்வளவு, மண்ணீரல் எத்தனை விரல், வலி வந்தால் அவருக்கு எந்த மருந்து எந்த அளவில் கேட்கும் என்று அவரைத் தொடர்ந்து பார்க்கும் டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அந்தத் தாளைக் காட்டினால் நீலகிரி மாவட்டத்தில் எந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவும், கோவை பெரிய ஆஸ்பத்திரியும், எல்லையைத் தாண்டினால் வயநாட்டு ஆஸ்பத்திரிகளும் கேள்வி கேட்காமல் ஒரு மணி நேரத்துக்குள் வலி மருந்தைத் தொடங்க வேண்டும். படித்தவள், படிக்காதவள், தைரியசாலி, பயந்தவள் என்ற வித்தியாசம் அந்தத் தாளுக்குத் தெரியாது. புதிதாக டியூட்டிக்கு வரும் டாக்டர், செவிலியர் எல்லாருக்கும் அரை நாள் வகுப்பு, அதை நோயாளி ஒருவரே வந்து எடுத்தால் இன்னும் நல்லது. அம்மாக்களுக்கு மண்ணீரல் பாடம்.

உங்களிடம் கேட்பது இன்னும் சின்னது. மரபணு சிகிச்சைக்கு ஒரு முழுப்பக்கம் கொடுத்தீர்கள், இதற்கு ஒரு கால்பக்கம் கொடுங்கள், கட்டம் கட்டிப் போடுங்கள். காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. நெஞ்சுவலியோடு இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே கிளம்ப வேண்டும். வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் கைகால் துவண்டாலோ அது பக்கவாதம், குழந்தைக்கும் வரும். பிள்ளை திடீரென்று வெளுத்து வயிறு வீங்கினால் மண்ணீரல். ஆண்களுக்கு ஆணுறுப்பு விறைப்பு வலியோடு நாலு மணி நேரம் அடங்காமல் இருந்தால் அதுவும் இந்த நோயால் வருவதுதான், உடனே ஆஸ்பத்திரி. இதைப் பையன்கள் வெட்கப்பட்டு அம்மாவிடம்கூடச் சொல்வதில்லை, நீங்களும் வெட்கப்பட்டு வெட்டிவிடாதீர்கள். வலிக்கு வெந்நீர் ஒத்தடம் சரி, ஐஸ் கூடாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நாள்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் கெடும்.

இதைப் போட்டீர்களென்றால் வெட்டி எடுத்து கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் டீக்கடை, ரேஷன் கடை, தோட்ட ஆபீஸ் என்று ஒட்டுகிற வேலையை நானும் பழைய மாணவர்கள் சிலரும் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
கூடலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பி.கு.: என் பெயரைப் போட வேண்டாம். அக்கா மகளுக்குச் சம்மதம்தான், எழுதுங்க மாமா என்று சொல்லிவிட்டாள். அவள் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.